கொழுந்து வாடும் விதம்

ஊவா மாகாணத்தின் பண்டாரவளைத் தேயிலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்ததும், நீளத் தொட்டியில் கம்பிவலை மேல் பரப்பி, கீழிருந்து காற்றை ஊதி வாட்டுகிறார்கள். மொறுமொறுப்பான காம்பு பல மணி நேரத்தில் துவண்டு, மடக்கினாலும் ஒடியாத பதத்துக்கு வருகிறது.

கொதிக்காமலே ஈரம் எப்படிப் போனது?

மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வாயுக்களில் அந்த வேகங்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை 1860இல் பௌதிகவியலாளர் மாக்ஸ்வெல் கணக்கிட்டார். அறைவெப்பத்தில் நைதரசன் மூலக்கூறின் சராசரி வேகம் செக்கனுக்குச் சுமார் 470 மீற்றர். அதைவிட இருமடங்குக்கு மேல் பாய்பவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான்.

இலையின் நீரிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. வேகம் மிகுந்தவையே அயல் மூலக்கூறுகளின் பிடியை அறுத்து ஆவியாகின்றன. மிச்ச நீர் குளிர்கிறது. ஊதும் காற்று வெப்பத்தை ஈடுசெய்து, ஆவியையும் அள்ளிச் செல்கிறது. யூலை முதல் வீசும் ஊவாவின் வறண்ட காற்றில் கொழுந்து இன்னும் சீக்கிரம் வாடும்.