கொழுப்புக்கும் வயது உண்டு

"டாக்டர், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்தான். எனக்கு மட்டும் ஏன் உடம்பு போடுகிறது?" என் மருத்துவமனையில் அடிக்கடி கேட்கும் கேள்வி. வாயைக் கட்டச் சொல்லிச் சொல்லியே வீட்டார் இப்படிக் கேட்பவர்களை நோகடித்திருப்பார்கள். இவர்கள் சார்பில்தான் இன்று பேசுகிறேன்.

உடம்பில் சேர்ந்த கொழுப்பு அப்படியே கிடப்பதில்லை. பழையது கரைந்து வெளியேறும், புதியது வந்து சேரும். அதன் வயதைக் கண்டுபிடித்த விதம் இருக்கிறதே, எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது! 1950களிலிருந்து வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இருமடங்கானது. 1963-இல் தடை ஒப்பந்தம் வந்தபின் அந்த அளவு படிப்படியாக இறங்கியது. காற்றில் இருந்தது பயிருக்குப் போயிற்று, பயிரிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து நம் கொழுப்புக்கு. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடமும் இருக்கிறது. பயப்படாதீர்கள், மிகச் சொற்பம். கொழுப்பில் அந்தக் கார்பனை அளந்து, அந்தந்த ஆண்டுக் காற்றோடு ஒப்பிட்டால் வயது தெரிந்துவிடும்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங், பீட்டர் ஆர்னர் குழுவினர் அளந்தார்கள். கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒன்று புதிதாகிறது. குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் இதே வேகம். செல்லுக்குள் இருக்கும் கொழுப்பில்தான் வேறுபாடு. பருமனானவரிடம் அது சேர்வது கூடுதல், வெளியேறுவது மெதுவாக.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம், "இளவயதிலிருந்து அதே மூணு இட்லிதான் டாக்டர், இடுப்பு மட்டும் பெருக்குது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதே குழு 54 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. வயது ஏற ஏறக் கொழுப்பு வெளியேறும் வேகம் எல்லோருக்குமே குறைந்திருந்தது. அதற்கேற்பச் சாப்பாட்டைக் குறைக்காதவர்களுக்கு எடை சராசரியாக 20 சதவீதம் ஏறியிருந்தது.

மணி ஆகிவிட்டது, எடையை மட்டும் பார்த்துக் கொழுப்பைக் கணிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தங்களையே அளந்து 2004-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! ஒல்லியான நேயர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையோ பெண்ணுக்கு 80-ஐயோ தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.