நடுக்குவாதமும் மாத்திரைக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசைக்கும் நாடகத்துக்கும் காத்திருக்கும் அவையில் நோயைப் பற்றிப் பேச எழுந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் மருத்துவன் அல்லன். அலசூரில் என் தமையனாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக வேளை தவறாது மாத்திரை எடுத்துக் கொடுத்து வருபவன். அந்த ஒரு தகுதியே என்னை இங்கு நிறுத்தியது.

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்சு பார்க்கின்சன் விவரித்த நோய் இது. மூளையில் டோபமின் என்னும் பொருள் குன்றுவதால் கை நடுங்கும்; உடல் விறைக்கும்; நடை தளரும். அக்குறையை ஈடு செய்வது லெவோடோபா. அதனுடன் சேரும் கார்பிடோபா, மருந்து மூளையை அடையுமுன் மாறி வீணாவதைத் தடுத்துக் குமட்டலைக் குறைக்கிறது. சிண்டோபா என்று நாம் வாங்குவது இவ்விரண்டின் கூட்டே.

அப்படியும் என் தமையனாருக்குக் குமட்டிற்று. எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில நாட்களில் நாற்காலியை விட்டு எழ இயலவில்லை. திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உயிருக்கே இடரும் நேரக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தோம். கடையில் நாமே குமட்டல் மருந்து வாங்குவதும் தீது. மெட்டோகுளோபிரமைடு இந்நோயை மிகுவிக்கும்.

பாலோடு மாத்திரை விழுங்குவது எங்கள் வீட்டு வழக்கம். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டியிடுமாம்! உணவுக்கு அரைமணி முன்னதாகத் தண்ணீரில் கொடுக்கச் சொன்னார்கள். குமட்டினால் ஒரு கைப்பிடி பொரி. உறவினர் ஒருவர் அன்போடு பூனைக்காலி விதைப் பொடி கொணர்ந்தார். அவ்விதையிலும் லெவோடோபா உண்டு. மருத்துவர் அறியாமல் அதையும் சேர்த்தால் அளவு மிஞ்சிவிடும்.

இனி நான் சொல்வதை அவர் இசைவு பெற்றே சொல்கிறேன். டோபமினைப் போலச் செயற்படும் பிரமிபெக்சோல் என்ற மாத்திரையைப் பின்னர்ச் சேர்த்தனர். சீட்டைத் தொட்டறியாத அவர், இரவெல்லாம் கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடலானார். சேமிப்புக் கரைந்தது. முதுமையில் புத்தி கெட்டதென்று நான் கடிந்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல் அழுதார். அது மருந்தின் விளைவென ஓராண்டு கழித்தே தெரிந்தது. மருத்துவர் சிறிது சிறிதாக அளவைக் குறைக்க, அந்த வேட்கையும் அடங்கிற்று. என் கடுஞ்சொல்லை மட்டும் திரும்பப் பெற வழியில்லை.

அதன்பின் ஓர் ஏடு வைத்தோம். மாத்திரை கொடுத்த மணி, உண்ட மணி, உடல் விறைத்த மணி, தானே நெளிந்த மணி. மருந்து மிகுவதாலும் உடல் நெளியும். அதை நடுக்கமென எண்ணி இன்னொரு மாத்திரை கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும், எழுந்தவுடன் தலை சுற்றினாலும் அதையும் குறித்தோம். எங்கள் அரைகுறைக் கன்னடத்தில் சொல்ல நாணியவற்றையெல்லாம் அவ்வேடு சொல்லிற்று. எண்களை எம்மொழியாரும் படிக்கலாமன்றோ? மருத்துவர் புரட்டிப் பார்த்து, காலை வேளையை அரைமணி முன்னுக்குத் தள்ளினார்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமையனார், இன்று விழாச் சட்டையின் பொத்தான்களைத் தாமே மாட்டிக்கொண்டு வந்தார். எட்டு மணிக்கு அவருக்கு அடுத்த மாத்திரை; ஆதலால் விடை பெறுகிறேன்.