பழைய படகுக்கு மறுவாழ்வு

(திருவனந்தபுரம் கடற்கரையில், தொடர் கல்விக் கூடத்துக்கு வரும் மீனவக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைமாரே,



இன்று நாம் பழைய படகைப் பற்றிப் பேசப் போகிறோம். பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம், பொழியூர் என்று எந்தக் கரைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "வள்ளம் பழசாகிவிட்டது. பெயிண்ட் அடித்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமா? கடன் வாங்கிப் புதிது வாங்கலாமா?" இதுதான் அந்தப் பேச்சு.

இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. அந்தப் படகில் நாலைந்து பேர் கடலுக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்பி வர வேண்டும். ஆகவே இது உயிரைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

நான் சொல்லப் போவது ஒரே ஒரு செய்தி. படகைப் புதுப்பிப்பது என்றால் பெயிண்ட் அடிப்பது அல்ல. மரத்துக்குள் ஈரம் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கட்டுமரம் சொல்லும் பாடம்

நம் முன்னோர் கட்டுமரத்தில் போனார்கள். எடை குறைந்த மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் கட்டினார்கள். உலகம் முழுவதும் இன்று 'கட்டமரான்' என்று ஒரு வகைப் படகைச் சொல்கிறார்கள். அது நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்.

கட்டுமரத்தில் இரண்டு நன்மைகள் இருந்தன. ஒன்று, அது மூழ்காது. தண்ணீர் நிரம்ப அதில் குழி இல்லை. மரமே மிதக்கும். இரண்டாவது, கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள். மரங்களைத் தனித்தனியாக மணலில் காய வைப்பார்கள். காய்ந்த மரம் எடை குறைவாக இருக்கும். எளிதில் உளுத்துப் போகாது.

பிறகு காலம் மாறியது. 1980களின் தொடக்கத்தில் நம் கரையில் வெளிப்பொருத்து என்ஜின் பரவியது. கட்டுமரத்தைவிட வேகமாகப் போகும் படகு தேவைப்பட்டது. அப்போதுதான் பிளைவுட் வள்ளம் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் இதற்கான படகுக் கூடம் நடந்தது. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் ஜில்லே அங்கே மீனவர்களோடு சேர்ந்து புதிய படகுகளை உருவாக்கும் வேலையில் ஈடுபட்டார். 1980-இல் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இந்தப் படகுகளைக் கட்டிக் கொடுத்தது. அதைத்தான் நாம் 'சிஃப்ஸ்' என்று சொல்கிறோம். அதன் தலைமை அலுவலகம் திருவனந்தபுரத்தில்தான் உள்ளது.

பிளைவுட் வள்ளம் வேகமானது. ஆனால் அதை அவிழ்த்துக் காய வைக்க முடியாது. பலகையின் மேல் ஃபைபர் பூசி மூடியிருக்கிறோம். உள்ளே ஈரம் புகுந்தால் அது வெளியே வர வழியில்லை. இதை மனதில் வையுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்தே வருகிறது.

எந்தத் தண்ணீர் எதிரி?

"கடல் தண்ணீர்தான் படகை அழிக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. துறைமுகத்துத் தண்ணீரிலேயே கிடக்கும் மரப்படகைக் கடல் புழு துளைக்கும். ஆனால் கரையில் ஏற்றி வைக்கும் படகுக்குப் பெரிய எதிரி மழைத் தண்ணீர்தான்.

மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சணம். உப்பு நீரில் அது எளிதில் வளராது. நல்ல தண்ணீரில் நன்றாக வளரும். மழைக்காலத்தில் வள்ளத்தைக் கரையில் நிமிர்த்து வைக்கிறோம். உள்ளே மழைநீர் தேங்குகிறது. மூலைகளில் இலையும் மணலும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. அங்கேதான் பலகை உளுக்கத் தொடங்குகிறது.

2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் நினைவிருக்கும். நம் கரையிலிருந்து லாரிகளில் வள்ளங்களை ஏற்றிச் செங்ஙன்னூர் பக்கம் போனோம். கேரளம் முழுவதிலும் 600-க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் போயின. ஏறக்குறைய 65,000 பேரை மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்று அரசு கணக்குச் சொன்னது. அந்தப் படகுகள் மதில்களிலும் இரும்புக் கேட்டுகளிலும் உரசின. பல படகுகளின் அடிப்பாகம் கீறிப் போனது. பெரிய ஓட்டை கண்ணுக்குத் தெரியும். அதை எல்லோரும் அடைப்பார்கள். ஆனால் ஃபைபரில் விழும் சிறிய கீறல் கண்ணுக்குத் தெரியாது. அதன் வழியாகத்தான் ஈரம் பலகைக்குள் மெல்ல மெல்லப் போகும்.

படகைச் சோதிப்பது எப்படி?

முதலில் என்ஜினைக் கழற்றுங்கள். வலை, கயிறு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். படகை நன்றாகக் கழுவுங்கள். கவிழ்த்து, கட்டைகளின் மேல் வையுங்கள். காற்று கீழேயும் போகட்டும். நன்றாகக் காயும்வரை பொறுங்கள். அவசரம் வேண்டாம்.

பிறகு ஒரு சிறிய சுத்தியலும் ஒரு சாக்பீஸும் எடுங்கள். சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பலகை 'டக் டக்' என்று கெட்டியாகச் சத்தம் தரும். உளுத்த பலகை 'பொத் பொத்' என்று மந்தமாகச் சத்தம் தரும். மந்தமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கே குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் பலகை போய்விட்டது என்று பொருள்.

நான்கு இடங்களைக் கட்டாயம் பாருங்கள்.

1. என்ஜின் மாட்டும் பின்பலகை. என்ஜினின் எடையும் உதறலும் இதன் மேல்தான். போல்ட் ஓட்டை வழியாக ஈரம் இறங்கும்.

2. அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலை.

3. மணலில் இழுபடும் அடிக்கட்டை.

4. அணியத்திலும் பின்பக்கத்திலும் உள்ள மிதவை அறைகள்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். கட்டுமரம் தானே மிதந்தது. வள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் அதைத் தாங்குவது மிதவை அறைதான். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தது. பூந்துறையும் விழிஞ்ஞமும் குமரிக் கரையும் எத்தனையோ பேரை இழந்தன. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்ததால் தப்பியவர்களும் உண்டு. பிடித்துக்கொள்ளப் படகு மிதக்க வேண்டும் அல்லவா? முதலப்பொழி முகத்தில் அலை அடித்து வள்ளம் கவிழ்வதையும் நாம் பார்த்து வருகிறோம். ஆகவே மிதவை அறையைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் அது மிதவை அல்ல, சுமை.

பழுது பார்க்கலாமா, வேண்டாமா?

சாக்பீஸ் வட்டங்களை எண்ணுங்கள். அங்கங்கே சில இடங்கள் மட்டும் என்றால் பழுது பார்க்கலாம். பின்பலகை, அடிக்கட்டை, அடிப்பலகை மூன்றுமே உளுத்திருந்தால் விட்டுவிடுங்கள். அதில் போடும் பணம் கடலில் போட்ட பணம்.

சிலர் உளுத்த பலகையின் மேலேயே புதிய ஃபைபர் ஒட்டுகிறார்கள். புண்ணில் சீழை வைத்துக்கொண்டு மேலே துணி கட்டுவது போன்றது இது. வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே உளுப்பு வளரும். ஒவ்வொரு வருடமும் ஒட்ட ஒட்டப் படகின் எடையும் கூடும். எண்ணெய்ச் செலவும் கூடும்.

வேலை செய்யும் முறை

உளுத்த பாகத்தை வெட்டி எடுங்கள். நல்ல மரம் தெரியும்வரை வெட்டுங்கள். புதுப் பலகையைப் பழைய பலகையோடு நேராக முட்ட வைத்தால் இணைப்பு பலமாக இராது. இரண்டு விளிம்பையும் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். பலகையின் தடிமனைப் போல் 8 மடங்கு நீளத்துக்குச் சரிவு வேண்டும். 12 மில்லிமீட்டர் பலகை என்றால் 96 மில்லிமீட்டர். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பலகையின் வெட்டு விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். ஓட்டைகளின் ஓரமும் அப்படித்தான். அவற்றை ரெசின் பூசி மூடுங்கள்.

பலகை வாங்கும்போது படிப்பு கைகொடுக்கும். 'மரைன் பிளைவுட்' என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். அதன் மேல் 710 என்ற எண் இருக்க வேண்டும். 303 என்று இருந்தால் அது வேறு வகை. அது வீட்டு வேலைக்கு ஆகும். படகுக்கு வேண்டாம். மூன்று இலக்கம் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டோம்.

ஃபைபர் வேலையை நிழலில் செய்யுங்கள். இடவப்பாதி மழைக்காலத்தில் வேண்டாம். ஈரத்தில் ரெசின் சரியாக ஒட்டாது, சரியாக இறுகாது. கடும் வெயிலில் மிக வேகமாக இறுகிவிடும். பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். ரெசின் தடவி, கண்ணாடி இழை மேட்டை விரியுங்கள். உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். குமிழ் நின்ற இடத்தில் நாளை தண்ணீர் நிற்கும்.

மிதவை அறையில் நனைந்து போன தெர்மாகோலை மாற்றுங்கள். அதன் மேல் நேராகப் பாலியஸ்டர் ரெசினை ஊற்றாதீர்கள். தெர்மாகோல் கரைந்துவிடும்.

இன்னொரு செய்தி. மரப்படகின் அடியில் தகடு அடிக்கும் பழக்கமும் நம் கேரளத்தில் உண்டு. முன்பு செம்புத் தகடு அடித்தார்கள். விலை குறைந்த அலுமினியத் தகட்டைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அறிமுகம் செய்தது. அலுமினியத் தகடு இருக்கும் இடத்தில் செம்பு ஆணியோ பித்தளை ஆணியோ அடிக்காதீர்கள். உப்பு நீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப் போகும்.

கவனம், கவனம்!

ரெசினை இறுகச் செய்ய இரண்டு மருந்துகள் சேர்க்கிறோம். ஒன்று கோபால்ட். மற்றொன்று கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் ஒருபோதும் நேராக ஒன்றாக ஊற்றாதீர்கள். தீப்பிடிக்கும். வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். ஒரு கிலோ ரெசினுக்குச் சாதாரணமாக 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட் போதும். டப்பாவில் எழுதியுள்ள அளவைப் படித்துப் பாருங்கள்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவமனைக்கு ஓடுங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். தேய்க்கும்போது வரும் தூசி நெஞ்சுக்குக் கெடுதல். மூக்கையும் வாயையும் மறைக்கும் முகமூடி போடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

நோட்டுப் புத்தகம் எங்கே?

அக்காமாரே, இது உங்களுக்கும் உரிய வேலை. மீன் விற்று வீட்டைக் காப்பவர்கள் நீங்கள். கடன் கட்டும் பாரமும் உங்கள் தலையில்தான். படகுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இவற்றை எழுதுங்கள்:

படகு கட்டிய வருடம்.
பழுது பார்த்த தேதி.
எந்த இடம் உளுத்திருந்தது.
என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை.
கூலி எவ்வளவு.
அடுத்த சோதனை எப்போது.

இரண்டு மூன்று வருடக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பழுதுச் செலவு ஏறிக்கொண்டே போனால் புதுப் படகுக்கு நேரம் வந்துவிட்டது. அப்போது வட்டிக்காரரிடம் ஓட வேண்டாம். மீனவர் சங்கத்தில் கேளுங்கள். மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்குப் பிடித்துக்கொள்ளும் முறை சங்கங்களில் உண்டு. மீன் கிடைக்கும்போது கூடுதலாக அடையும். கிடைக்காதபோது கழுத்தை நெரிக்காது.

பழைய படகை விலைக்கு வாங்குகிறவர்களும் அந்த நோட்டைக் கேளுங்கள். பெயிண்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பதிவு எண்ணைப் பெரிதாக, தெளிவாக எழுதுங்கள். புதுப் பெயிண்டில் அது மறைந்துவிடக் கூடாது. கடலில் ஆபத்து வந்தால் நம்மைத் தேடுவோர் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். படகின் நீளமோ என்ஜினோ மாறியிருந்தால் மத்ஸ்யபவனில் சொல்லிப் பதிவைத் திருத்துங்கள்.

முதல் நாளே தூரக் கடலுக்குப் போகாதீர்கள். அலை இல்லாத இடத்தில் படகை இறக்குங்கள். ஆளும் சுமையும் ஏற்றிச் சிறிது நேரம் நிறுத்துங்கள். உள்ளே ஒரு சொட்டு நீர் கசிகிறதா என்று பாருங்கள்.

நண்பர்களே, நம் முன்னோர் தினமும் கயிற்றை அவிழ்த்து மரத்தைக் காய வைத்தார்கள். நமக்கு அவிழ்க்கக் கயிறு இல்லை. ஆனால் மழைக்காலத்தில் வள்ளத்தைக் கவிழ்த்து வைக்கலாம். ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடலாம். மாதம் ஒரு முறை சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். இதற்குப் பணம் வேண்டாம். பழக்கம் வேண்டும்.

நாளைக் காலையில் உங்கள் வள்ளத்தின் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். என்ன சத்தம் கேட்டது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.