கைப்பதத்தைக் கொப்பியில் எழுதுவது எப்படி?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சமையற் குறிப்பு எழுதும் பயிற்சிப் பட்டறையில், மனையியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



சமையற் புத்தகம் எழுத விரும்பும் உங்களுக்கு நான் விட்ட ஒரு பிழையைத்தான் முதலிற் சொல்லப் போகிறேன்.

எங்கள் அம்மா ஒரு கொப்பியில் சமையற் குறிப்புகள் எழுதி வைத்திருந்தா. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டோடு அதையும் விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது அது இருக்கவில்லை. பல வருடங்களின் பின், ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகள் கேட்டதற்காக, அம்மாவின் ஒடியற் கூழை நினைவிலிருந்து எழுதி அனுப்பினேன். நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் ஒழுங்காக எழுதினேன். அடுத்த வாரம் தொலைபேசி வந்தது. "சின்னம்மா, கூழ் ஒரே கசப்பு. நான் எங்கை பிழை விட்டனான்?"

பிழை அவளுடையதல்ல. ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, மா அடியிற் தங்கிய பின் மேல்நீரை ஊற்றிவிட வேண்டும். கசப்புப் போக இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்ய வேண்டும். நான் "மாவைக் கரைத்து விடவும்" என்று மட்டும் எழுதியிருந்தேன். அம்மா ஊறவைப்பதைத் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒரு செய்முறையாகவே தோன்றவில்லை.

இன்றைய முதற் பாடம் இதுதான். நமக்கு நன்றாகத் தெரிந்ததைத்தான் நாம் எழுதாமல் விடுகிறோம். பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டுக் கடையில் இரண்டு மாப் பைகளையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைக்காகத்தான் எழுதுகிறோம்.

இரண்டாவது, அளவு. "கைப்பிடி", "பாக்களவு புளி", "ஒரு சுண்டு" என்பவற்றை அழித்துவிட வேண்டாம். அவை நம் மொழி. ஆனால் பக்கத்தில் கிராமையும் எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள் சமைக்கும்போது ஒரு சிறு தராசோடு அருகில் நில்லுங்கள். உப்பு கையிலிருந்து சட்டிக்குள் விழ முன் தராசுத் தட்டில் விழட்டும். கரண்டி என்றால் எந்த நாட்டுக் கரண்டி என்றும் சொல்லுங்கள். மேசைக்கரண்டி அவுஸ்திரேலியாவில் 20 மில்லிலீற்றர், வட அமெரிக்காவில் ஏறக்குறைய 15. மிளகாய்த்தூளில் இந்த வித்தியாசம் கண்ணீரை வரவழைக்கும்!

மூன்றாவது, பதம். "பதமாக வந்ததும் இறக்கவும்" என்று எழுதினால், தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது உதவாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவதை எழுதுங்கள். பிட்டுக்கு மா குழைக்கும்போது, கையிற் பிடித்தால் சேர வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அரிசிமா வறுக்கும்போது பச்சை மணம் போக வேண்டும், நிறம் மாறக்கூடாது. இப்படி எழுதினால் பதம் வாசிப்பவருக்குப் பிடிபடும்.

நான்காவது, பரீட்சை. எழுதியதை அந்த உணவைச் சமைத்தே அறியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் சமைக்கும்போது பக்கத்தில் இருங்கள், வாய் திறக்கக்கூடாது. அவர் எங்கே தயங்கி உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வசனம் குறைகிறது.

ஐந்தாவது, நேர்மை. யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரை எழுதுங்கள். இன்னொரு புத்தகத்து விளக்கத்தை வரிக்கு வரி பார்த்தெழுத வேண்டாம். சமைத்துப் பார்த்து, உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

இலங்கையில் ஹில்டா டொய்ட்றம் தொகுத்த டெய்லி நியூஸ் சமையற் புத்தகம் 1929 இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழகத்தில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951 இல் தமிழில் வந்தது. இரண்டும் தலைமுறை தாண்டி வீடுகளில் நிலைத்தன. குசினியில் நின்று எழுதிய புத்தகம் வாழும் என்பதற்கு அவை சாட்சி.

சகோதரிகளே, அம்மாவின் கொப்பியை என்னால் மீட்க முடியாது. ஆனால் இந்த மண்டபத்தில் எண்பது வயது தாண்டிய அக்காமார் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பதம் இன்னும் எந்தக் கொப்பியிலும் ஏறவில்லை. இன்று வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு குறிப்பு எழுதுங்கள். ஒன்றே ஒன்று போதும். ஆனால் ஊறவைப்பதிலிருந்து எழுதுங்கள்.

அக்காவின் மகளுக்குத் திருத்திய குறிப்பை அனுப்பினேன். இப்போது அவள் தன் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சுகிறாள். கசப்பு இல்லையாம்.