ஒழுங்கு வேறு, உடன்பாடு வேறு

கொச்சி பள்ளுருத்தியில் இருக்கும் செயின்ட் ரீத்தாஸ் பப்ளிக் ஸ்கூலின் பெயர் 2025 அக்டோபரில் கேரளம் முழுக்க அடிபட்டது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஹிஜாப் அணிந்து வந்தாள். சீருடையில் அதற்கு இடமில்லை என்றது நிர்வாகம். பள்ளியை இரண்டு நாள் மூடினார்கள். கல்வி அமைச்சர் சிவன்குட்டி தலையிட்டார், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றுவதென்று வீட்டில் முடிவெடுத்தார்கள். அதே மாதத் தொடக்கத்தில் காசர்கோடு மாவட்டம் கும்பளா அரசு மேல்நிலைப் பள்ளியில், காஸா குழந்தைகளைப் பற்றி மாணவர்கள் நடத்திய மௌன நாடகத்தின் பாதியிலேயே திரையை இறக்கிவிட்டார்கள். அமைச்சர் அதே மேடையில் அதை மறுபடி நடத்த வைத்தார். நல்லதுதான். ஆனால் ஓர் அமைச்சருக்குப் பிடித்ததால் கிடைத்த மேடை, அடுத்து வருபவருக்குப் பிடிக்காவிட்டால் பறிபோகும். மாணவர்களுக்கு வேண்டியது யாருடைய தயவும் அல்ல. ஆள் மாறினாலும் மாறாத ஓர் அளவுகோல்.

அந்த அளவுகோல் நம்மிடம் இருக்கிறது, அதுவும் கேரளத்து வழக்கு ஒன்றிலிருந்தே கிடைத்தது. கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், பத்திலும் ஒன்பதிலும் ஐந்திலும் படித்துக்கொண்டிருந்தார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது மூவரும் எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். தங்கள் மதம் அதற்கு இடம் தரவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. 1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அதைப் பெரிதாக்கியதும் அரசு விசாரணை வைத்தது. பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றுதான் அந்த விசாரணையும் சொன்னது. இருந்தும் மேலிடத்து உத்தரவுப்படி தலைமை ஆசிரியை மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார். கேரள உயர் நீதிமன்றமும் கைவிட்ட நிலையில், 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. கீதம் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்வித் துறை அனுப்பும் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. சுற்றறிக்கையைக் காட்டி அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது. தீர்ப்பின் சாரம் இதுதான். எழுந்து நிற்பது கூட்டத்தின் ஒழுங்கு, அதைக் கேட்கலாம். வாய் திறந்து பாடுவது உடன்பாடு, அதை வற்புறுத்த முடியாது.

இந்த வேறுபாட்டைப் பட்டமளிப்பு விழா மேடையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அமெரிக்காவில் முதல் மாணவருக்கு மேடையில் பேசும் உரிமையாவது மரபாக உண்டு. 2024இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஒரு முஸ்லிம் மாணவியின் உரையைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தபோது, ரத்து செய்ய ஓர் உரையாவது இருந்தது. நம் ஊரில் பேசுவதெல்லாம் வேந்தரும் துணைவேந்தரும் சிறப்பு விருந்தினரும்தான். மாணவருக்கு வாய்ப்பது, பெயர் கூப்பிட்டதும் அங்கியோடு ஏறி, வாங்கி, இறங்கும் அந்தச் சில நொடிகள் மட்டுமே. அவருக்கு ஏதும் சொல்லத் தோன்றினால் அந்த நொடிகளில்தான், அதுவும் சொல் இல்லாமல் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 13 அன்று திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக விழாவில் ஓர் ஆய்வு மாணவி, ஆளுநர் ஆர்.என். ரவியைத் தாண்டிப் போய்த் துணைவேந்தரிடம் பட்டம் வாங்கினார். ஆளுநர் தமிழுக்கும் தமிழருக்கும் எதிராக நடக்கிறார் என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். விழா நிற்கவில்லை, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

புதுச்சேரியில் 2019 டிசம்பர் 23 அன்று நடந்தது இதற்கு நேர் எதிர். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்த பட்டமளிப்பு விழாவில், கேரளத்தைச் சேர்ந்த தங்கப் பதக்க மாணவி ஒருவரை அரங்கத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர் எதுவும் செய்திருக்கவில்லை. செய்யக்கூடும் என்ற ஐயமே போதுமானதாக இருந்தது. குடியரசுத் தலைவர் கிளம்பிய பிறகு உள்ளே விட்டார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்ட அவர், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடும் மாணவர்களுக்கு ஆதரவாகப் பதக்கத்தை மட்டும் மறுத்தார். விழாவின் ஒழுங்கை அன்று மீறியது மாணவி அல்ல, அவரை வெளியேற்றியவர்கள்தான் என்பது என் கணிப்பு.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: விழா எல்லோருக்கும் சொந்தம். மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க முதல் நாள் இரவே பஸ் ஏறி வந்த பெற்றோரின் நாளை ஒருவருடைய அரசியல் கெடுக்கலாமா? நியாயமான கேள்வி. முழக்கம் போட்டு மற்றவர்கள் முறையைத் தடுத்தால், மேடையை விட்டு இறங்க மறுத்தால், அது இடையூறு, நிர்வாகம் தடுக்கட்டும். ஆனால் மேடையில் இருக்கும் பெரியவருக்கு மனம் சங்கடப்படுவது இடையூறாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் நம் நிர்வாகங்கள் தேர்ந்தவை.

அடுத்த மறுப்பு கனமானது. பல்கலைக்கழக மாணவர் வளர்ந்தவர்; பள்ளிக் குழந்தை அப்படியல்ல, அங்கே ஆசிரியருக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். பள்ளுருத்தியில் நிர்வாகத்தின் வாதம் புதுச்சேரியை விட எவ்வளவோ வலுவானது என்பதையும் சொல்லியாக வேண்டும். சீருடை எல்லோருக்கும் பொது. யாரையும் எதையும் ஆமோதிக்கச் சொல்வதில்லை. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்த அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. 2018 டிசம்பரில், பள்ளியில் தலைத்துணி அணிவது பற்றிய பாத்திமா தஸ்னீம் வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும், தனி மாணவியின் விருப்பத்தை விடப் பள்ளியின் பொது உரிமையே மேல் என்றது. ஆனால் கிடங்கூர்ப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை ஐந்தாம் வகுப்புத்தான் என்பதை மறக்க வேண்டாம். வயது குறைவு என்பதால் உரிமையும் குறைந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் நினைக்கவில்லை. அதோடு, விதி போடும் அதிகாரம் இருப்பதும், அந்த விதியால் ஒரு பிள்ளை பள்ளி மாற நேர்வதும் ஒன்றல்ல. கர்நாடகத்து ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளுமே எதிரெதிராகத் தீர்ப்பெழுதினார்கள். பள்ளுருத்தி மாணவி விலகியதால் இங்கும் கேள்வி தீர்ப்பாகாமலே முடிந்தது. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது வேறொரு வகுப்பறையில் இதே கேள்வி வரும். அப்போதும் அமைச்சர் ஒன்று சொல்ல, நிர்வாகம் வேறொன்று சொல்ல, இடையில் ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போகக் கூடாதென்றால், எதுவரை பள்ளி கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைச் சட்டமன்றம் சட்டமாகவே இயற்ற வேண்டும். சுற்றறிக்கைக்கு அந்த வலு கிடையாது என்று 1986லேயே சொல்லியாகிவிட்டது.