'கோரிக்கை' என்றால் கோர்ட்டில் என்ன பொருள்?

(ஒரகடம் பகுதி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கொடி பிடிக்கிறோம், கோஷம் போடுகிறோம், "எங்கள் கோரிக்கை நியாயமானது" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறோம். நியாயம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே கோரிக்கை கோர்ட்டு வாசப்படி ஏறும்போது ஜட்ஜ் கேட்கிற கேள்வி வேற. யாரிடம் கேட்டாய்? எந்தத் தேதியில் கேட்டாய்? எழுத்தில் இருக்கிறதா? அவர் என்ன பதில் சொன்னார்? இதற்குப் பேப்பர் இல்லையென்றால் நாம் கேட்கவே இல்லை என்றுதான் அங்கே அர்த்தம். தொண்டை வறளக் கத்தினது கேஸ் கட்டில் ஏறாது.

புரோநோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "தாங்கள் கேட்கும்போது கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்குகிறோம். நம்ம ஆளு, "நான் இன்னும் கேட்கவே இல்லையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறான். சட்டம் அப்படிக் காத்துக்கினு இருக்காது. எழுதின தேதியிலிருந்தே மூணு வருஷக் கெடு ஓடுகிறது. நடுவில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்காமல் விட்டால் நோட்டு வெறும் காகிதம்.

நிலத்துக்கும் இதே கதைதான். 1894-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தில் கலெக்டர் அவார்டு போட்டதும், தொகை போதாது என்றால் 18-வது பிரிவில் மனு கொடுக்கணும். அவார்டு போடும்போது நேரில் இருந்தால் ஆறு வாரம். இல்லாதவருக்கு, நோட்டீஸ் வந்து ஆறு வாரம் அல்லது அவார்டு தேதியிலிருந்து ஆறு மாசம், எது முந்தியோ அது. இதைவிட முக்கியமான ஒரு வரி 31-வது பிரிவில் இருந்தது. ஆட்சேபணை இல்லாமல் பணத்தை வாங்கினவருக்கு 18-வது பிரிவில் மனு கொடுக்க உரிமையே கிடையாது! 2013-ல் வந்த புதுச் சட்டத்திலும் 77-வது பிரிவில் அதே வரி உட்கார்ந்திருக்கிறது. கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று அவசரத்தில் செக்கை வாங்கப் போகிறோம். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற இரண்டு வார்த்தையை எழுதாமல் வந்தால் கோரிக்கையை நாமே கைவிட்டோம் என்று பொருள். பணம் வாங்குவது தப்பில்லை. எழுதிவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு அநியாயமும் பழைய சட்டத்தில் இருந்தது. முதலில் சென்ட்டுக்கு எவ்வளவு என்று நாம் கேட்டு எழுதினோமோ, அதற்கு மேல் கோர்ட்டு ஒரு பைசா கொடுக்க முடியாது. விவரம் தெரியாமல் குறைச்சலாகக் கேட்டவன் கதி அதோடு சரி. 1984 திருத்தத்தில்தான் அது போனது. மனு கொடுக்காமல் விட்ட சின்ன விவசாயி, அதே அறிவிப்பில் நிலம் போன பக்கத்து நிலத்துக்காரருக்குக் கோர்ட்டில் கூடுதல் தொகை கிடைத்தால் மூணு மாசத்துக்குள் தனக்கும் கேட்கலாம் என்று 28-ஏ பிரிவு வந்ததும் அப்போதுதான். அங்கேயும் பாருங்கள், கேட்டால்தான் உண்டு.

இப்போது நம்ம பக்கம் வருகிறேன். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் தமிழ்நாடு தொழிலியல் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தில். 1997-ல் கொண்டுவந்தார்கள், 1999-ன் 10-ம் எண் சட்டம். 2019-ல் சென்னை ஐகோர்ட் இது செல்லாது என்றது. உடனே மாநில அரசு அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. பரந்தூர் விமான நிலையத்துக்கும் இந்தச் சட்டம்தான். இதில் முதலில் வருவது 3(2) நோட்டீஸ். "உன் நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது, சொல்லு" என்று கெடு வைத்துக் கேட்கிற நோட்டீஸ். அதற்கு அப்புறம் 3(1) அறிவிப்பு அரசிதழில் வந்துவிட்டால் அன்றைக்கே நிலம் சர்க்கார் சொத்து. ஆக, நம் பேச்சுக்கு மதிப்பிருக்கிற இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நாள்தான்.

ஏகனாபுரத்து ஜனங்கள் 2022-லிருந்து விடாமல் போராடி, கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். ஊர் ஒற்றுமைக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் ஊர்த் தீர்மானம் வேறு, பட்டாதாரர் ஆட்சேபணை வேறு. "உன் சர்வே நம்பருக்கு நீ என்ன எழுதிக் கொடுத்தாய்?" என்றுதான் கோர்ட்டு கேட்கும். இரண்டும் வேணும்.

மனு கொடுத்து மாசக்கணக்கில் பதில் இல்லையென்றால்? அங்கேதான் கோரிக்கைக்கு முழு அர்த்தம் வருகிறது. அதிகாரியை 'செய்' என்று உத்தரவு போடச் சொல்லி ஐகோர்ட்டுக்குப் போகிற ரிட்டுக்கு, முதலில் கேட்டிருக்கணும், அவர் மறுத்திருக்கணும். 1974-ல் சர்க்கரை விலை சம்பந்தமாக ஆலைக்காரர்கள் போட்ட சரஸ்வதி இண்டஸ்ட்ரியல் சிண்டிகேட் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லியிருக்கிறது. ஆலை முதலாளிக்கே அந்த நிலைமை என்றால் நமக்குச் சொல்லணுமா!

சுங்குவார்சத்திரத்தில் நம்ம பிள்ளைகள் செய்து காட்டியிருக்கிறார்கள். சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே சமயம், சங்கத்தைப் பதிவு செய் என்று தொழிலாளர் துறையில் கொடுத்த மனுவையும் கையில் வைத்திருந்தார்கள். அது இழுத்துக்கினே போனதும் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ஆறு வாரத்தில் முடிவெடு என்று டிசம்பரில் உத்தரவு, 2025 ஜனவரியில் பதிவு. பந்தலும் இருந்தது, பேப்பரும் இருந்தது.

எதைக் கேட்கிறோம் என்பதிலும் ஜாக்கிரதை வேணும். 1967-ல் சிந்து ரீசெட்டில்மென்ட் கார்ப்பரேஷன் வழக்கு. ஆள்குறைப்பில் போன தொழிலாளிக்காக நிர்வாகத்திடம் கேட்டது நஷ்டஈடு மட்டும். தீர்ப்பாயம் திரும்ப வேலையே கொடுத்தது. சுப்ரீம் கோர்ட், வேலை கேட்டே இல்லையே, பிறகு தகராறு எங்கே இருக்கிறது என்று அதைத் தள்ளிவிட்டது. தொழிலாளர் வழக்கில் பின்னாளில் இந்தக் கண்டிப்பு தளர்ந்தது என்றாலும் நமக்குப் பாடம் இருக்கிறது. "நிலத்தை எடுக்காதே" என்று மட்டும் எழுதாதீர்கள். எடுத்தே தீருவேன் என்றால் கிணறு, போர், தென்னை, மாட்டுக்கொட்டாய் இதற்கெல்லாம் என்ன விலை, வீட்டுக்கு ஒரு வேலை உண்டா என்பதையும் அதே மனுவில், "முதல் கோரிக்கைக்குப் பாதகமில்லாமல்" என்று சொல்லி எழுதுங்கள்.

கூட்டுப் பட்டா என்றால் ஒவ்வொரு பங்காளியும் தனித்தனியாக எழுதணும். அண்ணன் போட்ட கையெழுத்து தம்பிக்கு ஆகாது. தாத்தா பேரிலேயே பட்டா இருந்தால் வாரிசுச் சான்று, மூலப்பத்திர நகல் சேருங்கள். விலைக்கு ஒப்புக்கொண்டதாக வருகிற ஒப்பந்தப் பேப்பரில் வக்கீலுக்குக் காட்டாமல் கைநாட்டு வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குச் சேர்ந்து போகிறோம். 3(2) நோட்டீஸ் வந்தவர்கள் அதையும், அது வந்த கவரையும் கொண்டுவாருங்கள். கவரில் இருக்கிற தபால் முத்திரைத் தேதி நமக்கு வேணும். மனு இரண்டு நகல். ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்காமல் யாரும் படி இறங்கக் கூடாது. எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு சாயந்திரம் சங்க ஆபீசில் எழுதித் தருகிறோம், காசு கிடையாது.