தாளம் போடுவது யார்?



புத்தளம் மாவட்டத்துக் கடலோரக் கிராமமாகிய குறிஞ்சிப்பிட்டியைச் சேர்ந்தவன் நான், அரசாங்கப் பாடசாலை அதிபர், கலைப் பட்டதாரி. இயந்திரங்களைப் பற்றி இவருக்கு என்ன பேச்சு என்று நீங்கள் வியக்கலாம். 2013ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்ற பின்னர், என்போன்றோரும் இயந்திர உறுப்புகளின் விலைச்சிட்டைகளில் கையொப்பமிட வேண்டியவராயினோம். ஆராயாமல் நான் இட்ட ஒரு கையொப்பமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

மரப்பலகையில் எழுத்துச் செதுக்கும் சிறு இயந்திரமொன்றை எம் மாணவர் சிலர் அமைத்தனர். கணினி கட்டளையிட, மோட்டார்கள் வெட்டுங் கருவியை நகர்த்தும். அதனை ஆள்வதற்கு லினக்ஸ் சி.என்.சி. என்னும் மென்பொருளைத் தேர்ந்தனர். 1990களில் அமெரிக்காவின் தேசிய நியம, தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான நிரலிலிருந்து வளர்ந்து, 2011இல் இப்பெயர் பெற்றது அது. எவரும் விலையின்றிப் பெறலாம். மூலநிரலைத் திருத்தவும் செய்யலாம்.

மென்பொருளுக்குச் செலவில்லை என்ற மகிழ்ச்சியில், மலிவான யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டு அட்டை ஒன்றை வாங்க முனைந்தோம். “சேர், அந்த மென்பொருளின் பட்டியலில் இந்த அட்டை இருக்கிறதா?” என்று மாணவி ஒருத்தி வினவினாள். நான் செவிகொடுக்கவில்லை. பழைய மாணவர்கள் திரட்டித் தந்த பணம் செலவாயிற்று. அட்டையிலும் பழுதில்லை, மென்பொருளிலும் பழுதில்லை. ஆயினும் மோட்டார் அசையவில்லை. அட்டை வேறொரு மென்பொருளுக்கென ஆக்கப்பட்டது.

காரணம் யாது? கரைவலை இழுப்போரை எண்ணிப் பாருங்கள். அம்பாப் பாட்டின் தாளத்துக்கே எல்லாக் கைகளும் ஒருசேர இழுக்கின்றன. பாட்டின் அடிகளைக் கடிதத்தில் எழுதி, அஞ்சற்காரர் வரும்போதெல்லாம் பாடினால் வலை கரைசேருமா? மோட்டாருக்கும் தாளம் உண்டு. ஒரு சுற்றுக்கு 200 படி நகரும் ஸ்டெப்பர் மோட்டாரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால், சுற்றுக்கு 1,600 துடிப்புகள். ஒரு சுற்றில் 5 மில்லிமீற்றர் நகர்த்தும் திருகுத்தண்டு, விநாடிக்கு 50 மில்லிமீற்றர் செல்ல 16,000 துடிப்புகள் வேண்டும். தாளம் பிசகினால் மோட்டார் படி தவறும், பலகை பாழாகும்.

ஆகவே, அட்டை வாங்குமுன் கேட்க வேண்டியது, தாளம் போடுவது யார் என்பதே.

கணினியே போடுவதாயின், துடிப்புகள் பழைய அச்சுப்பொறித் துறை வழியாகச் செல்லும். எல்லாக் கணினிகளும் காலந்தவறாமல் இயங்குவதில்லை. அதனை அளக்கும் சோதனை லினக்ஸ் சி.என்.சி.யிலேயே உண்டு. அட்டை போடுவதாயின், ஈதர்நெட்டில் இணையும் மேசா அட்டைகள் உள்ளன. கணினி வழக்கமாக ஆயிரத்திலொரு விநாடிக்கொருமுறை வேகத்தை அறிவிக்கும். துடிப்புகளை அட்டை உண்டாக்கும். யூ.எஸ்.பி. வழியில் செய்தி குறித்த கணத்தில் சேரும் என்ற உறுதி இல்லாமையால், இம்மென்பொருளுக்கு அது ஏற்றதன்று.

அப்படியாயின் ஆர்டுயினோ அட்டை யூ.எஸ்.பி.யில் இயங்குகிறதே என்பீர்கள். அங்கே ஜி.ஆர்.பி.எல். என்னும் வேறொரு திறந்த மென்பொருள் அட்டைக்குள்ளேயே இருந்து தாளம் போடுகிறது. கணினி கட்டளை வரிகளை அனுப்பும் தூதன் மட்டுமே. சிறிய இயந்திரங்களுக்கு அது போதும்; ஆனால் அது லினக்ஸ் சி.என்.சி. ஆகாது.

முதலில் மென்பொருளைத் தேர்க. அடுத்து, அது எவ்வட்டைகளை அறியும் எனப் பட்டியலைப் பார்க்க. பின்னர் கணினியைச் சோதிக்க. பணப்பையை இறுதியில் திறக்க.

எங்கள் களஞ்சிய அறையில் கிடந்த பழைய கணினியொன்றில் அச்சுப்பொறித் துறை இருந்தது. இம்முறை சோதனையை முன்னதாகவே செய்தோம். இயந்திரம் இயங்கிற்று. வாங்கிய அட்டையோ ஆய்வுகூடச் சுவரில் தொங்குகிறது. அதனைக் காணுந்தோறும், அன்று வினவிய மாணவியின் குரல் என் காதில் ஒலிக்கிறது. கையொப்பமிடும் உரிமை அதிபருக்கு இருக்கலாம். சரியான கேள்வி எழும் இடம் வகுப்பறையின் பின்வரிசையாகவும் இருக்கலாம்.